லண்டனுக்காக ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

மே மாதத்தில் விருதுநகருக்குப் போகிறேன் என்று சொன்னபோது அலுவலகத்தில் யாரும் பொறாமைப்படவில்லை. "தொப்பி எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்கள். சென்னை வெயிலை அனுபவித்தவளுக்கு எந்த வெயிலும் தூசு என்று நினைத்துக்கொண்டு தொப்பி இல்லாமல் போனேன். விருதுநகர் பேருந்து நிலையத்தில் இறங்கிய மறுநிமிடமே அந்த எண்ணம் போய்விட்டது. சென்னையில் வியர்க்கும். இங்கே வியர்வை வருவதற்கு முன்பே காய்ந்துவிடுகிறது.

போன காரியம் இதுதான். நான் ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளர். தீபாவளிக்கு விற்கப்போகும் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் ஒன்றின் மேலட்டையை நான் வரைந்திருந்தேன். கையில் மத்தாப்போடு சிரிக்கும் ஒரு சிறுமி. சிவகாசியில் அது அச்சேறும்போது பக்கத்தில் நின்று, நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலை சனிக்கிழமை. தங்குவது விருதுநகரில் என் சித்தப்பா வீட்டில்.

தலைக்குள் இன்னொரு வேலையும் இருந்தது. ஓவியத்தில் மேற்படிப்புக்கு இரண்டு கல்லூரிகள் என்னைக் கூப்பிட்டிருந்தன. ஒன்று லண்டனில். பெயரைச் சொன்னால் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூட "ஓ" என்பார்கள். இன்னொன்று ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், மீன் வாடை அடிக்கும் ஒரு துறைமுக ஊரில். அந்தப் பெயரைக் கேட்டால் கலை தெரிந்தவர்களே "எங்க?" என்பார்கள். ஆனால் அங்கே ஒரு பழைய மீன்கிடங்கு முழுக்க அச்சு இயந்திரங்கள். கல்லில் வரைந்து அச்செடுக்கும் பழைய முறையிலிருந்து ஆஃப்செட் வரைக்கும் எல்லாம் உண்டு. செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். திங்கட்கிழமைக்குள் ஒன்றுக்குச் சரி என்றும் மற்றதற்கு மாட்டேன் என்றும் சொல்லியாக வேண்டும்.

லண்டன் எனக்கு ஏன் வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சிறிய ஊரின் அரசு ஓவியக் கல்லூரியில் படித்தவள். சென்னையில் ஓவியக் கண்காட்சித் திறப்புவிழாக்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி "எங்க படிச்சீங்க?" என்பது. நான் பதில் சொன்னதும் கேட்டவரின் கண் என் தோளுக்கு மேலாக வேறு யாரையாவது தேட ஆரம்பித்துவிடும். லண்டன் பெயர் கையில் இருந்தால் அந்தக் கண் நகராது. அதற்காக எவ்வளவு குளிரையும் தாங்கலாம் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம். சித்தப்பா ஞானராஜ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஹெல்மெட்டுக்குள் ஈரக் கைக்குட்டையை விரித்து மாட்டிக்கொண்டு பைக்கில் வந்திருந்தார். வீட்டுக்குப் போகும் வழியிலேயே பரோட்டா கடையில் நிறுத்தினார். விருதுநகர் பரோட்டா எண்ணெயில் முங்கி, அப்பளம்போல மொறுமொறுவென்று வரும். அதைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினால் ஓசை கேட்கும். சென்னையில் பரோட்டா சாப்பிடுவதை இனி நிறுத்திவிடலாம் என்று தோன்றியது.

"எந்தக் காலேஜ்னு முடிவு பண்ணிட்டியா, ஷீபா?"

"இன்னும் இல்ல சித்தப்பா. லண்டனா, ஸ்காட்லாந்தான்னு இருக்கேன்."

"இதுல யோசிக்கதுக்கு என்ன இருக்கு? லண்டன்னா ஆமத்தூர்ல ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். இன்னொரு ஊரு பேரு என்ன சொன்ன?"

சொன்னேன்.

"பாத்தியா, எனக்கே தெரியல. நான் பி.எட். முடிச்சவன்."

வீட்டில் செல்வராணி சித்தி. காரியாபட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர். சித்தியின் கேள்விகள் வேறு வகை. "அங்கன நம்ம ஆளுக இருக்காகளா? சபை இருக்கா? மளையிலயும் குளிர்லயும் ஒனக்கு இளைப்பு வந்தா யாரு வந்து பாப்பா?" லண்டனில் தமிழ்ச் சபை இருக்கிறது என்றதும் சித்தியின் ஓட்டும் லண்டனுக்கு விழுந்தது. துறைமுக ஊரில் மீன் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "மீனு தூத்துக்குடியிலயும் கெடைக்கும்" என்றார்.

"சரி, பாப்போம்" என்றேன். சித்தப்பா திருப்தியாகத் தலையாட்டினார். அவர் எதற்குத் தலையாட்டினார் என்பதை அப்போதே கேட்டிருக்கலாம்.

*

சனிக்கிழமை காலை சிவகாசி பஸ். ஆமத்தூர் தாண்டுவதற்குள் பின் டயர் பெரிய சத்தத்தோடு வெடித்தது. பட்டாசு ஊருக்குப் போகிற பஸ்ஸில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் நாலு பேர் அலற வேண்டாமா? ஒருத்தரும் அசையவில்லை. "டயருதான், எறங்குங்க" என்றார் கண்டக்டர், தூக்கம் கலையாத குரலில். நான் மட்டும் தலையைக் கையால் மூடிக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் இருந்த அக்கா என்னைப் பார்த்து, "மெட்ராஸா?" என்று கேட்டார்.

அடுத்த பஸ் வரும்வரை எல்லோரும் கருவேல மரத்தின் பெயரளவு நிழலில் நின்றோம். ஒருவர் சைக்கிளில் நுங்கு கொண்டுவந்தார். அந்த அக்காவும் நானும் ஆளுக்கு நாலு வாங்கிக் கட்டைவிரலால் நோண்டித் தின்றோம். திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் பெட்டி ஒட்டும் வேலை பார்க்கிறாராம். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள்.

"எந்தக் காலேஜ்ல சேக்கப்போறீங்க?"

"எந்தக் காலேஜ் பஸ்ஸு ஊருக்குள்ள வருதோ அந்தக் காலேஜ்லதான். மஞ்ச பஸ்ஸு மெயின் ரோட்டோட போயிருது. பச்ச பஸ்ஸு கோயில் வரைக்கும் வந்து திரும்புது. அப்ப பச்சதான."

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "நீங்க என்ன படிக்கப்போறீக?" என்று கேட்டார். என் இரண்டு ஊர்களையும் சொன்னேன்.

"லண்டனுக்கு பிளேன் நேராப் போகும்ல?"

"போகும்."

"இன்னொண்ணுக்கு?"

"ரெண்டு தடவ மாறணும்."

"அப்புறம் என்ன? லண்டனுக்கே போங்க" என்று நுங்கு ஓட்டைத் தூர எறிந்தார். இதுவரை பார்த்தவர்கள் எல்லோருமே லண்டனுக்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. ஊரே ஒரு பக்கம் நின்றால் எனக்கு மறுபக்கம் போய் நிற்கத் தோன்றும். பிறவிக் குணம். ஆனால் அந்தக் குணத்தை நம்பி இரண்டு வருஷப் படிப்பை முடிவுசெய்யக் கூடாது என்கிற அளவுக்கு அறிவும் உண்டு.

*

அச்சகம் சிவகாசிக்குள் நுழைகிற இடத்திலேயே இருந்தது. வாசலில் மை வாடை. முதலாளி தனபால் அண்ணாச்சி குளிர்ந்த கலர் சோடாவும் காராச்சேவும் கொடுத்து உட்காரவைத்தார். சென்னையில் வாடிக்கையாளருக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பேரம் பேசுவார்கள். இங்கே பேரம் பேசும்போதும் தட்டு நிறைந்துகொண்டே இருக்கிறது.

நான் ஆசையாகப் பார்ப்பது இயந்திரத்தை அல்ல, அதன் பக்கத்தில் கிடக்கும் கழிவுத் தாள்களை. ஒரு புது ஆர்டர் தொடங்கும்போது நிறமும் அச்சும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை நல்ல அட்டையை வீணாக்க மாட்டார்கள். ஏற்கெனவே அச்சான பழைய தாளையே திரும்பத் திரும்ப உள்ளே விடுவார்கள். ஒரே தாள் பல ஆர்டர்களைப் பார்த்துவிடும். மசாலாப்பொடி பாக்கெட்டின் மேல் மயில், மயிலின் மேல் பத்தாம் வகுப்பு நோட்ஸ் அட்டை, அதற்கும் மேலே ராக்கெட். வேஸ்ட் ஷீட் என்பார்கள். விண்ணப்பத்தோடு நான் அனுப்பிய படங்கள் எல்லாமே இந்தத் தாள்களைக் கணினியில் ஏற்றிச் செய்தவைதான். இரண்டு கல்லூரிகளும் அதைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டன.

மெசின் ஓட்டுகிற பால்பாண்டி முதல் தாளை எடுத்துக் காட்டினார். என் சிறுமியின் கன்னம் தக்காளி நிறத்தில் இருந்தது.

"பிள்ளைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கே" என்றேன்.

"மத்தாப்பு வெளிச்சம்ல மேடம். செவசெவன்னுதான் இருக்கும்."

"செகப்பு தூக்கலா இருந்தாத்தான் சரக்கு நகரும்" என்று அண்ணாச்சியும் சேர்ந்துகொண்டார்.

விடவில்லை. சிவப்பைக் குறைக்கச் சொன்னேன், மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன், மறுபடி குறைக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் பால்பாண்டி பெருமூச்சு விட்டபடி இயந்திரத்துக்குப் போனார். தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கஸ்டமர்கள் அதற்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். நானும் நாலைந்து வருஷமாக எந்த அச்சகத்துக்குப் போனாலும் இப்படி ஒரு கோட்டுக்கு வெளியே நின்று, விரலை நீட்டி, அடுத்தவர் கையால் வேலை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் கன்னம் கன்னமாக வந்தது. அண்ணாச்சி பேனாவை நீட்டினார். இந்தத் தொழிலில் அது ஒரு விசித்திரமான நேரம். கஸ்டமர் கையெழுத்துப் போடாத வரைக்கும் மெசின் ஓடாது, அடுத்த ஆர்டர் வாசலில் லோடோடு காத்திருக்கும், எல்லோரும் நம்மிடம் தேனாகப் பேசுவார்கள். கையெழுத்து விழுந்தவுடன் நாம் யாரோ, அவர்கள் யாரோ. எனக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"போடறேன் அண்ணாச்சி. ஆனா ஒரு கண்டிஷன்."

"டிஸ்கவுண்ட்டா?" அவர் முகம் சுருங்கியது.

"இல்ல. கோட்டத் தாண்டணும். கொஞ்சம் வேஸ்ட் ஷீட்ட நானே மெசின்ல விடணும்."

அண்ணாச்சி பால்பாண்டியைப் பார்த்தார். பால்பாண்டி கூரையைப் பார்த்துச் சொன்னார்: "கம்பெனில பொம்பளப்பிள்ளைகள மெசின்ல விடுறதில்லையே மேடம்."

"அப்ப நான் இன்னொரு தரம் செகப்பப் பாக்கணும்" என்று தாளைக் கையில் எடுத்தேன்.

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். "ஏலே பாண்டி, விடுலே. இல்லன்னா இந்தம்மா தீவாளி வரைக்கும் செகப்பு பாக்கும்."

"துப்பட்டாவ அந்த ஆணில மாட்டுங்க" என்றார் பால்பாண்டி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. "வளையலக் கழத்துங்க. மெசினுக்கு கஸ்டமர், முதலாளின்னெல்லாம் தெரியாது."

கழிவுத் தாள்களைத் தலைகீழாகத் திருப்பி அடுக்கி, பொத்தானை அழுத்தினேன். இரண்டு தாள் ஒன்றாக உள்ளே போய் மாட்டிக்கொண்டது. இயந்திரம் கத்திவிட்டு நின்றது. பால்பாண்டி மாட்டிய தாள்களைப் பிடுங்கி என் கையில் திணித்தார். தாளை விசிறிப் பிரித்து மறுபடி அடுக்கினேன். இந்தத் தடவை ஓடியது. மறுமுனையில் ஒவ்வொன்றாக விழுந்தன: மயில், கணக்கு நோட்ஸ், அதற்கு நடுவே தலைகீழாக மத்தாப்போடு என் சிறுமி. நாலாவது தாளில் மயிலின் தோகையும் மத்தாப்புப் பொறியும் ஒன்றில் ஒன்று விழுந்து எது எதுவென்று தெரியாமல் கலந்திருந்தன. நான் கணினியில் மாதக்கணக்கில் முயன்று வராத ஒன்று. அழுகை வந்துவிட்டது. மை நெடி கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அவர்கள் நம்பினார்களா என்று தெரியாது.

கையெழுத்துப் போட்டுவிட்டு, எதிர் டீக்கடையில் மை படிந்த கையோடு உட்கார்ந்து இரண்டு செய்திகள் அனுப்பினேன். லண்டன் கல்லூரி எனக்கு அறிமுகப்படுத்தியிருந்த ஒரு சீனியர் மாணவிக்கு ஒன்று. துறைமுக ஊரின் அச்சுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு ஒன்று. இரண்டிலும் நான் ஓட்டிய தாள்களின் படமும் ஒரே கேள்வியும்: மெசினை நாமே ஓட்டலாமா?

சீனியரின் பதில் டீ ஆறுவதற்குள் வந்தது. ஓட்ட முடியாது, அதற்குத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள், நாம் பக்கத்தில் நின்று சொல்லலாம், மிக அருமையாக அச்சிட்டுத் தருவார்கள் என்று எழுதியிருந்தாள். பெரிய ஓவியக் கேலரிக்காரர்கள் தாங்களாகவே வந்து எங்கள் வேலையைப் பார்க்கிறார்கள், போன மாதம்கூட ஒருத்திக்குக் கண்காட்சி கிடைத்தது, நீ கட்டாயம் வா என்றும் சேர்த்திருந்தாள். நல்ல பெண். எதையும் மறைக்கவில்லை.

துறைமுகத்து அம்மாளின் பதில் பஸ் ஏறிய பிறகு வந்தது. "இதென்ன கேள்வி? நீ ஓட்டாமல் வேறு யார் ஓட்டுவார்கள்? தரை எப்போதும் ஈரமாக இருக்கும், கெட்டியான பூட்ஸ் வாங்கிக்கொள். அந்தத் தாள்களைச் சுருட்டிக் கொண்டுவருவாயா, மடித்தா?"

சுருட்டியது என் மடியில்தான் இருந்தது. பஸ்ஸில் ஏறினவர்களெல்லாம் அதைக் காலண்டர் என்று நினைத்தார்கள். சிவகாசியிலிருந்து சுருட்டிக் கொண்டுபோவது வேறு என்னவாக இருக்கும்? ஒரு அம்மா உரிமையோடு ஒன்று கேட்டார். விரித்துக் காட்டினேன். "ஏத்தா, இது என்ன இப்படிக் கொளம்பிக் கெடக்கு?" என்று உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆமத்தூர் தாண்டும்போது முடிவாகிவிட்டது. ஸ்காட்லாந்து. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய். அந்தக் கேலரிக்காரர்களை விட மனம் வரவில்லை. ஆனால் முடிவு முடிவுதான்.

வீட்டுக்கு வந்தால் சித்தப்பா இல்லை. ஆலயத்தில் பாடகர் குழு பயிற்சி. அவர் வருவதற்குள் வெயிலும் அலைச்சலும் சேர்ந்து என்னைப் படுக்கையில் சாய்த்துவிட்டன. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டேன். காலையில் அவர் எங்களுக்கு முன்னாலேயே ஆலயத்துக்குப் போயிருந்தார்.

*

ஞாயிறு. ஆலயத்தில் கூட்டம். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க நடக்கும் மௌனமான போட்டியில் சித்தி வென்று எனக்கும் ஒரு இடம் வாங்கியிருந்தார். போதகரை இந்தப் பக்கத்தில் ஐயர் என்று சொல்வது வழக்கம். பிரசங்கம் முடிந்து ஐயர் ஸ்தோத்திரக் காணிக்கைகளை, யார் எந்த நன்மைக்கு நன்றியாகக் கொடுத்தார்கள் என்று, வாசிக்கத் தொடங்கினார். பிறந்தநாளுக்காக ஒரு குடும்பம், பிரசவம் நல்லபடி முடிந்ததற்காக ஒரு குடும்பம், விபத்தில் தப்பியதற்காக ஒருவர்.

"சகோதரர் ஞானராஜ் குடும்பத்தினர், தங்கள் அண்ணன் மகள் ஷீபா லண்டன் மாநகரத்திலே மேற்படிப்புப் படிக்கச் செல்வதற்காகக் கர்த்தருக்குச் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை."

ஆலயம் முழுக்க என் பக்கம் திரும்பியது. பாடகர் குழுவின் கடைசி வரிசையில் சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். நான் சித்தியைப் பார்த்தேன். "இப்ப எதுக்கு சித்தி?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கெடச்ச பெறகு எல்லாரும்தான் நன்றி சொல்லுவாக. முன்னாடியே சொல்றதுதான் விசுவாசம்னு ஒங்க சித்தப்பா சொன்னாக" என்றார் சித்தி.

அதோடு முடிந்திருந்தால் வெளியே வந்து சரிசெய்திருக்கலாம். ஐயர் என்னை முன்னால் கூப்பிட்டார். சபையாக ஜெபிப்போம் என்றார். நான் நடந்து போவதற்குள் இரண்டு பெண்கள் என் கையைத் தொட்டு வாழ்த்தினார்கள். பேசாமல் தலைகுனிந்து ஜெபத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஐயர் மைக்கை என் பக்கம் நீட்டி, "எப்பம்மா லண்டனுக்குப் பொறப்படுறீங்க?" என்றார்.

தலையாட்டினால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் இத்தனை பேர் லண்டனுக்காக ஆமென் சொன்ன பிறகு நான் லண்டனுக்கே போய்விடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. என்னை எனக்குத் தெரியும்.

"ஐயா, நான் லண்டனுக்குப் போகல. அங்க கூப்பிட்டாங்க, வேண்டாம்னுட்டேன். ஸ்காட்லாந்துல ஒரு சின்ன ஊருக்குப் போறேன்."

ஐயர் நிதானமானவர். "அது லண்டனவிடப் பெரிய காலேஜா?" என்று கேட்டார்.

"இல்ல ஐயா. சின்னது. யாருக்கும் பேர் தெரியாது. எனக்கு அதுதான் வேணும்."

என் குரல் ஒலிபெருக்கி வழியாகத் தெருவுக்கே கேட்டிருக்கும். ஐயர் என் தலையில் கை வைத்தார். பிறகு கண்ணை மூடி, "இந்த மகள் போகிற அந்தச் சின்ன ஊரை ஆசீர்வதியும்" என்று தொடங்கினார். சபை கொஞ்சம் தாமதமாக ஆமென் சொன்னது. பாடகர் குழுவின் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

ஆராதனை முடிந்து சித்தி பெண்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றார். நான் பைக் நிற்கும் இடத்துக்குப் போனேன். சித்தப்பா சாவியை வைத்துக்கொண்டு நின்றார். முகம் கறுத்திருந்தது.

"எல்லாரு முன்னாடியும் வச்சுச் சொல்லிட்டியேம்மா."

"நீங்களும் எல்லாரு முன்னாடியும்தான சொன்னீங்க, சித்தப்பா."

அவர் ஹெல்மெட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அதற்கு மேல் சண்டை போடத் தெம்பு இல்லை. "எனக்கும் அந்தப் பேரு வேணும்னுதான் இருந்துச்சு" என்றேன். "இப்பவும் இருக்கு. விடும்போது வலிக்குது. ஆனா அங்க போனா ரெண்டு வருசமும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும். என்னால முடியாது."

"அந்த லண்டன்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிட்டியா?"

"ஐயர்கிட்டத்தான் சொல்லிருக்கேன். அவங்களுக்கு இன்னும் அனுப்பல."

"ஆண்டவரு சந்நிதில அனுப்பிட்டேன்னு சொன்னியே!"

"வேண்டாம்னுட்டேன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். பொய்யாயிரக் கூடாது." அவர் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார், ஆனால் கிளப்பவில்லை. "இங்கனயே வச்சு அனுப்பு. நான் நிக்கிறேன்."

போனை எடுத்தேன். நன்றி, வர இயலாது என்று இரண்டே வரி. அனுப்பும் முன் விரல் அப்படியே நின்றது. சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே, "ம்" என்றார்.

அழுத்தினேன். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சித்தப்பா வண்டியைக் கிளப்பினார்.